உப்புப் படாத தீப்பெட்டி

"பைப்பை லைட்டரால் பற்றவைக்கிற மனிதன், எந்தக் குற்றத்தையும் செய்யத் தயாராகிவிட்டவன்."

துப்பறிவாளர் டோர்கில் ராபெக் இதை நீதிமன்றத் தீர்ப்பு வாசிப்பது மாதிரி சொன்னார். சொன்ன இடம்தான் கொஞ்சம் உதைத்தது. ஸ்கார்ஹோல்ம் தீவில் காவல் நிலையமும் நூலகமும் ஒரே கட்டடம். நிலையத்தில் ஒரே ஒரு நாற்காலி, அதில் போலீஸ்காரர் ப்ரேபென் உட்கார்ந்திருந்தார். டோர்கிலுக்குக் குழந்தைகள் பகுதியிலிருந்து ஒரு மஞ்சள் நாற்காலி வந்தது. முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருக்க, அவர் மேலும் விளக்கினார்.

"தீக்குச்சியை உரசின உடனே பைப்புக்குக் கொண்டு போக முடியாது. நுனி மருந்து எரிஞ்சு தீரணும். இல்லேன்னா புகையிலை பூரா கந்தக நாத்தம். அந்த ரெண்டு மூச்சு நேரம் மனுஷன் சும்மா நின்னே ஆகணும். மனசாட்சிக்கு அது போதும். லைட்டர்காரனுக்கு அந்த நேரமே கிடையாது. அமுக்கினான், வந்துச்சு. அவ்வளவுதான்."

"அப்போ கேஸ் அடுப்பு வெச்சிருக்கிறவங்க எல்லாம் தொடர் கொலைகாரங்களா பாஸ்?" என்றாள் ரிக்கே.

ரிக்கே அவருடைய உதவியாளர். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் சொன்ன எதையும் அவள் முழுசாக நம்பியதில்லை. அதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறார் என்பது அவளுடைய கட்சி.

விடியற்காலைப் படகு டோர்கிலின் குடலையும் முதுகையும் இடம் மாற்றி வைத்திருந்தது. படுக்க ஒரு இடமும், யாரும் பேசாத ஒரு அரை நாளும் கிடைத்தால் போதும் என்று முகத்தில் எழுதியிருந்தது.

"சரி, ப்ரேபென். சொல்லுங்க. சுருக்கமா."

ப்ரேபென் சுருக்கமாகவே சொன்னார். அந்தத் தீவில் நீளமாகச் சொல்ல எதுவும் நடப்பதில்லை.

செத்தவர் ஆங்கர் ப்ரோடர்சன். தீவின் பைப் சங்கத் தலைவர். 'தீக்குச்சி ஆங்கர்' என்றால் எதிர்க்கரையிலும் தெரியும். மெதுவாகப் பைப் பிடிக்கும் போட்டியில் பல வருஷம் வெற்றி. ஆளுக்கு ஒரு சிட்டிகைப் புகையிலை, இரண்டே இரண்டு தீக்குச்சி. கடைசி வரை யாருடைய பைப் அணையாமல் இருக்கிறதோ அவர் ஜெயித்தவர். ஆங்கர் எப்போதும் ஒரே குச்சியில் பற்றவைத்துவிட்டு, இரண்டாவதை மேஜைமேல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கிடத்திவிடுவார். பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும், குச்சி எரியாது.

நேற்றுக் காலை அலைதாங்கிக் கற்சுவரின் கடைக்கோடியில், பெஞ்சுக்குக் கீழே ஆங்கர் செத்துக் கிடந்தார். நெற்றிப்பொட்டில் காயம். இதயம் நின்று விழுந்ததில் பட்ட அடியா, யாராவது கொடுத்த அடியா என்பதைத் தீவு டாக்டரால் சொல்ல முடியவில்லை.

"அவரோட வீட்டு மாடியில குடியிருக்கிற ஜெப்பே கூடத்தான் காலையில அவர் கற்சுவருக்கு நடந்து போனாரு. ஜெப்பே தனியாத் திரும்பி வந்தான். முந்தின நாள் சாயங்காலம் சங்கத்துல ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை."

"எதுக்கு?"

"சங்கத்துக்குள்ள லைட்டரை அனுமதிக்கணும்னு ஜெப்பே தீர்மானம் கொண்டு வந்தான்."

டோர்கில் ரிக்கேயைப் பார்த்தார். 'நான் என்ன சொன்னேன்' என்கிற பார்வை.

"தீர்மானம் என்ன ஆச்சு?" என்றாள் ரிக்கே.

"மொத்த சங்கமும் எதிர்த்துக் கை தூக்குச்சு. ஜெப்பேயைத் தவிர."

"அவனைப் பிடிச்சு வெச்சது அந்தச் சண்டைக்காகவா?"

"இல்லை, பொய் சொன்னதுக்காக. திரும்பி வர்றப்போ பெரியவர் உசிரோட பைப் பிடிச்சிட்டிருந்தாருங்கிறான். பைப்போட புகையிலைக் கிண்ணத்துல பாதி சாம்பல்தான், ஒத்துக்கறேன். ஆனா அது முந்தின நாள் சங்கத்துல பிடிச்ச மிச்சமா இருக்கணும். ஏன்னா அவரோட பாக்கெட்ல இருந்தது புதுத் தீப்பெட்டி. ஒட்டுத்தாள்கூடக் கிழியலை. கீழே ஒரு எரிஞ்ச குச்சி இல்லை. தீக்குச்சி ஆங்கர் தீக்குச்சியே இல்லாம எப்படிப் பத்தவெச்சிருப்பாரு?" ப்ரேபென் கடிகாரத்தைப் பார்த்தார். "மதியப் படகுல அவனை அக்கரை நீதிபதிகிட்டக் கொண்டு போறேன். நீதிபதி உள்ள வைக்கச் சொன்னா, வழக்கு முடியற வரைக்கும் உள்ளதான்."

டோர்கிலை வரவழைத்தது ஜெப்பே வேலை செய்கிற மீன் கொட்டகையின் முதலாளியம்மா. ஜெப்பே குற்றவாளி இல்லை என்பதில் அவருக்கு ஒரு நம்பிக்கை. ஜெப்பே இல்லாமல் ஹெர்ரிங் மீனுக்குப் பதமாகப் புகை போட முடியாது என்பதில் அதைவிடப் பெரிய நம்பிக்கை.

வாசகர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்களை வைக்கும் அறையில் ஜெப்பே அடைக்கப்பட்டிருந்தான். முப்பது வயதுக்காரன். சட்டையில் புகை போட்ட மீன் வாசனை. அழுது முடித்து, களைத்து, சமையல் புத்தகம் ஒன்றை மடியில் வைத்திருந்தான். தலைகீழாக.

"அவர் பத்தவெச்சதை நீ பார்த்தியா?" டோர்கில் கேட்டார்.

"புகை வந்ததைப் பார்த்தேன்."

"நெருப்பை?"

"இல்லைங்க. பெரியவர் எப்பவுமே திரும்பி நின்னுக்குவாரு. கோட்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, காத்துக்கும் நமக்கும் முதுகைக் காட்டிட்டு நிப்பாரு. அப்புறம் புகை வரும். அவ்வளவு காத்துல ஒரு தீக்குச்சி எப்படி நின்னு எரியும்னு நானும் ஆச்சரியப்பட்டிருக்கேன். அதான் சாம்பியன்னு நெனச்சுக்குவேன்."

"முந்தின நாள் சண்டை போட்ட ஆளு கூட, காலையில எதுக்குப் போனே?"

"மன்னிப்புக் கேட்க. வழியிலேயே கேட்டுட்டேன். அவரு சிரிச்சாரு. 'நீ சொன்னதுல ஒண்ணும் தப்பில்லைடா, சொன்ன இடம்தான் தப்பு'ன்னாரு. புதுசாப் புகையிலை அடைச்சாரு. பத்தவெச்சாரு. நான் கொட்டகைக்கு வந்துட்டேன். அங்க மீன் வாங்க வரிசையில நின்ன அத்தனை பேரும் என்னைப் பார்த்தாங்க." அவன் டோர்கிலை நிமிர்ந்து பார்த்தான். "அவரு பத்தவெச்சாருங்க. நான் ஏன் இதைப் போய் ஜோடிக்கணும்? ஜோடிக்கிறதா இருந்தா இதைவிட நல்லதா ஜோடிச்சிருக்க மாட்டேனா?"

வெளியே வந்ததும் ரிக்கே சொன்னாள்: "அவன் சொல்றது எனக்குப் பிடிச்சிருக்கு பாஸ். அவ்வளவு மோசமான பொய்யை யாரும் சொல்ல மாட்டாங்க."

"லைட்டர்காரன்," என்றார் டோர்கில் சோர்வாக. ஆனால் 'தலைவலி' என்று சொல்வது மாதிரிதான் அது வந்தது.

ஆங்கரின் பொருட்களை ப்ரேபென் ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார். கோட்டின் இடது பாக்கெட்டில் இருந்தவை: கைக்குட்டை, புகையிலைப் பை, தீப்பெட்டி. கையில் இருந்தது பைப்.

ரிக்கே முதலில் பைப்பை எடுத்தாள். அழகான பழைய பைப், பிரையர் மரத்தில் கடைந்தது. கிண்ணத்தின் விளிம்பில் வலது பக்கம் மட்டும் கறுத்துத் தீய்ந்திருந்தது.

"பாஸ், இதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"குச்சியில பத்தவெச்சா விளிம்பு இப்படித் தீயாதுன்னு நீங்கதான் படகுல வர்றப்போ சொல்லிட்டே வந்தீங்க. நான் தூங்கற மாதிரி நடிச்சேன், அப்பவும் சொன்னீங்க."

"மெழுகுவத்தியில பத்தவெச்சிருப்பாரு."

"கற்சுவர் மேல மெழுகுவத்தியா? பக்கத்துல கேக்கும் இருந்துச்சா?"

"ரிக்கே, ஆங்கர் ப்ரோடர்சனை எனக்குத் தெரியும். ஒரு போட்டியில எதிர்ல உட்கார்ந்திருக்கேன். அந்த மனுஷன் குச்சி பிடிக்கிற அழகுக்காகவே நான் தோத்தேன்."

"எப்போ?"

டோர்கில் யோசித்தார். "ரொம்ப முன்னாடி. அப்புறம் இளையவங்களுக்கு வழிவிடறேன்னு அவரு போட்டியிலேர்ந்து ஒதுங்கிட்டாரு."

"ஒரே குச்சியில ஊர் வயித்தையே எரிச்சவரு சும்மா ஒதுங்குவாரா?"

அவர் தட்டை இழுத்துக்கொண்டார். கைக்குட்டை காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. மடிப்புகளில் உப்பு வெள்ளைக் கோடு போட்டிருந்தது. புகையிலைப் பையின் தோலிலும் அதே வெள்ளை. தீப்பெட்டியைக் கையில் எடுத்தார். திருப்பினார். ஒட்டுத்தாள் மொறுமொறு என்று இருந்தது. மூலைகள் கூர்மையாக, சாயம் பளிச்சென்று.

"நேத்து அலை பெருசா?"

"கற்சுவருக்கு மேலேயே ஏறி அடிச்சுது," என்றார் ப்ரேபென். "பெரியவரோட கோட்டைப் பிழிஞ்சா ஒரு வாளித் தண்ணி வந்திருக்கும். பாக்கெட்ல இருந்ததை எல்லாம் ரேடியேட்டர் மேலதான் காய வெச்சேன்."

"தீப்பெட்டியையுமா?"

"இல்லையே. அதுதான் நனையவே இல்லையே."

சொல்லிவிட்டு ப்ரேபென் வாயை மூடவில்லை. தான் என்ன சொன்னோம் என்பது அவருடைய முகத்தில் மெதுவாக, மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறியது.

"ஒரே பாக்கெட்டுல மூணு பொருள்," என்றார் டோர்கில். "ரெண்டு கடல்ல முங்கி எழுந்திருக்கு. மூணாவது கடையிலேர்ந்து நேரா வந்திருக்கு. ஆங்கர் நனைஞ்சு செத்துக் கிடந்ததுக்கு அப்புறம்தான் யாரோ இதை உள்ள வெச்சிருக்காங்க. ப்ரேபென், உங்களுக்கு முன்னாடி அவரை யாரு தொட்டது?"

"யால்மர்தான். நாயைக் கூட்டிட்டு நடக்கப் போனப்போ பார்த்து, உடனே என்னைக் கூப்பிட்டதும் அவருதான். சங்கத்தோட செயலாளர். ஆங்கரோட உயிர்த் தோழர்."

டோர்கில் மஞ்சள் நாற்காலியிலிருந்து எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. ரிக்கே அதைப் பிடித்து இழுத்து விடுவித்தாள்.

துறைமுகத்தில் முன்பு வலை உலர்த்திய கொட்டகையில்தான் பைப் சங்கம். கதவில் பெரிய எழுத்தில் பலகை: 'லைட்டருக்கும் நாய்க்கும் அனுமதி இல்லை.' பலகைக்குக் கீழே ஒரு தடித்த பழுப்பு நாய் கட்டப்பட்டிருந்தது. தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று தெரிந்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

உள்ளே யால்மர் தனியாக இருந்தார். எழுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர், கறுப்புச் சட்டை. வாயில் பைப் நிதானமாகப் புகைந்துகொண்டிருந்தது. சுவரில் ஆங்கரின் படத்துக்குக் கீழே ஒரு மெழுகுவத்தி, இன்னும் ஏற்றாதது.

"வாங்க டோர்கில். அந்தப் போட்டிக்கு அப்புறம் எவ்வளவு காலமாச்சு. இந்த மாதிரி நேரத்துல உங்களைப் பார்க்கறதே ஒரு ஆறுதல். காபி?"

"காபி வேண்டாம்யா. உட்கார விடு போதும்." டோர்கில் பெரியவர்களுக்கான நாற்காலி ஒன்றில் சாய்ந்தார். தன் பைப்பை எடுத்து மெதுவாக அடைத்தார். பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தார். "என் பெட்டியை எங்கேயோ விட்டுட்டேன் போல. தீப்பெட்டி இருந்தா கொடேன்."

யால்மர் வலது பாக்கெட்டைத் தொட்டார். இடது பாக்கெட்டைத் தொட்டார். சட்டைப் பாக்கெட்டையும் தொட்டார்.

"வீட்டுல வெச்சிட்டேன்னு நெனக்கிறேன்."

கொட்டகையில் கொஞ்ச நேரம் ஒரே ஒரு பைப் மட்டும் புகைந்தது.

"அப்போ இது எதுல பத்திச்சு?" ரிக்கே அவருடைய பைப்பைக் காட்டினாள். "பக்தியிலயா?"

யால்மர் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். அதை மறைக்க இடம் தேடுகிறவர் மாதிரி ஒரு பார்வை. கிண்ணத்தின் விளிம்பு வலது பக்கம் மட்டும் கறுத்திருந்தது.

"உன் தீப்பெட்டி போலீஸ் தட்டுல இருக்கு," என்றார் டோர்கில். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் யால்மருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "ஒட்டுத்தாள் கிழியாத புதுப் பெட்டி. ஆங்கர் பாக்கெட்ல நீதான் வெச்சே. பதிலுக்கு எதை எடுத்தே?"

யால்மர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கோட்டுக்குள் கை விட்டு, மேஜைமேல் ஒரு லைட்டரை வைத்தார். பக்கவாட்டில் நெருப்பு வருகிற, பைப்புக்கென்றே செய்த லைட்டர். அதன் இடுக்குகளில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. கொஞ்சம் தயங்கி, அதன் பக்கத்தில் இன்னொன்றையும் வைத்தார்.

"இது என்னுது," என்றார்.

"கேட்காமலே வருது," என்று முணுமுணுத்தாள் ரிக்கே.

"அவரோட கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு டோர்கில். குச்சி ஒரு பக்கம் போகும், பெட்டி ஒரு பக்கம் போகும். போட்டியில நாலு பேர் பார்க்க அப்படி ஆயிடக் கூடாதுன்னுதான் ஒதுங்கினாரு. எனக்கு மட்டும்தான் தெரியும். நேத்து நான் போறப்போ இது அவரு விரலுக்குள்ளேயே இருந்துச்சு. தீக்குச்சி ஆங்கர். நாளைக்கு ஊரே சவப்பெட்டிக்குப் பின்னாடி நடக்கப் போகுது. அவரை லைட்டரோட கிடத்த எனக்கு மனசு வரலை. எடுத்துட்டேன். பாக்கெட்ல ஒரு தீப்பெட்டியாவது இருக்கட்டும்னு என்னோடதை வெச்சேன். ஒரு மரியாதைக்கு."

"அந்த மரியாதைதான் ஜெப்பேயோட கழுத்துல இறுகுது."

"அவனை ரெண்டு கேள்வி கேட்டுட்டு விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

"பெட்டி திறக்கலை, அதனால பைப் எரியலை. பைப் எரியலை, அதனால ஜெப்பே பொய்யன். போலீஸ் கணக்கு அவ்வளவுதான்யா. உப்பு படிஞ்ச இந்த லைட்டரைக் கொண்டு போய் வெச்சா கணக்கு திரும்பும். புதுசா அடைச்ச கிண்ணத்துல பாதி எரிஞ்சிருக்கு. ஆங்கர் பாதிக் கிண்ணம் பிடிக்கிற நேரத்துல ஜெப்பே அங்க எத்தனை தட்டு ஹெர்ரிங்குக்குப் புகை போட்டிருப்பான்! அவ்வளவு நேரம் ஆங்கர் உசிரோட உட்கார்ந்து, நிம்மதியா பிடிச்சிருக்காரு. அப்புறம்தான் விழுந்திருக்காரு."

யால்மர் ஆங்கரின் படத்தைப் பார்த்தார். "வேற வழி எதுவும் இல்லையா?"

"இருக்கு. மதியப் படகுல ஜெப்பே போறது."

வெளியே நாய் ஒருமுறை குரைத்தது. யால்மர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு," என்றார் டோர்கில். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "சங்கத்துல மத்தவங்க?"

"மத்தவங்கன்னா?"

"யாரெல்லாம் குச்சி?"

யால்மர் சாத்திய கதவை மறுபடியும் ஒரு பார்வை பார்த்தார். "காத்தடிக்கிற தீவு இது. ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கறதில்லை. ஆனா கடையில லைட்டருக்கு அடைக்கிற கேஸ் டப்பா மட்டும் எப்பவும் தீர்ந்து போயிருக்கும்."

"முந்தாநாள் ஜெப்பேயோட தீர்மானத்தை எதிர்த்துக் கை தூக்கினவங்க?"

"எல்லாரும்தான். உள்ளதை அவன் சபையில போட்டு உடைச்சான். அதனாலதான் எல்லாரும் சேர்ந்து தோற்கடிச்சோம்."

டோர்கில் கண்ணைத் திறந்தார். "அப்போ தீக்குச்சியில யாருய்யா பிடிக்கிறது?"

"நீங்க இருக்கீங்களே," என்றார் யால்மர் உண்மையான மரியாதையோடு. "உங்களைப் பத்திப் பேசறப்போ எங்களுக்கெல்லாம் எவ்வளவு பெருமையா இருக்கும் தெரியுமா?"

ரிக்கே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. டோர்கில் அதைக் கவனிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

யால்மர் இரண்டு லைட்டர்களையும் எடுத்துக்கொண்டு தொப்பியை மாட்டினார். கதவருகே நின்று, திரும்பிப் படத்தைப் பார்த்து, "மன்னிச்சுக்கப்பா," என்றார். பிறகு நாயை அவிழ்த்துக்கொண்டு காவல் நிலையத்தை நோக்கி நடந்தார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

ப்ரேபென் உப்பு படிந்த லைட்டரை வெகுநேரம் பார்த்தார். பிறகு அக்கரைக்குத் தொலைபேசியில் பேசினார். பேச்சில் 'ஆமாங்க', 'இல்லைங்க', 'என் தப்புதாங்க' என்ற மூன்றுதான் திரும்பத் திரும்ப வந்தன. வைத்துவிட்டு யால்மரைக் கேட்டார்.

"வாக்குமூலத்துல எப்படி எழுதட்டும்? அவரு லைட்டர் பயன்படுத்தினார்னா, இல்லை பொதுவா ஏதோ நெருப்புன்னு விட்டுடலாமா?"

யால்மர் தொப்பியைக் கழற்றினார். "லைட்டர்னே எழுதுங்க. என் பேரையும் சேர்த்து எழுதுங்க. ஆங்கர் தனியா அவமானப்பட வேண்டாம்."

புத்தக அறையின் கதவு திறந்தது. ஜெப்பே வெளியே வந்தான். யால்மரைப் பார்த்தான். திட்ட வாய் திறந்தவன், அந்தக் கிழவரின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். "நாளைக்கு அவரைத் தூக்கறதுக்கு ஆளு போதுமா?" என்று மட்டும் கேட்டான்.

"ஒரு தோள் குறையுது," என்றார் யால்மர்.

"வர்றேன்."

மதியப் படகு வரத் தாமதமானது. படகுத்துறையில் காற்று ஆளைத் தள்ளியது. டோர்கில் ஒரு கட்டுக்கம்பத்தில் சாய்ந்து நின்றார். உட்கார்ந்தால் எழ முடியாது என்ற பயம். வழியனுப்ப வந்த ஜெப்பே, முதலாளியம்மா கொடுத்ததாக ஒரு மீன் பொட்டலத்தை ரிக்கேயிடம் நீட்டினான். பொட்டலத்தின் எண்ணெய் அவளுடைய கோட்டில் ஒரு தீவு வரைந்தது.

டோர்கில் சங்கத்தில் அடைத்த பைப்பை வாயில் வைத்தார். 'எங்கேயோ விட்டுட்டேன்' என்று சொன்ன தீப்பெட்டியை உள்பாக்கெட்டிலிருந்து எடுத்தார். உரசினார். அணைந்தது. கையைக் குவித்து உரசினார். அணைந்தது. காற்றுக்கு முதுகு கொடுத்தார். காற்றும் சுற்றி வந்தது. ஒரு குச்சி பற்றி, நின்று, எரிந்தது. நுனி மருந்து தீரட்டும் என்று அவர் காத்திருந்தார். மருந்தோடு நெருப்பும் தீர்ந்தது.

"மனசாட்சி வேலை செஞ்சிருக்குமே பாஸ், இவ்வளவு நேரத்துல?" என்றாள் ரிக்கே.

அவர் இன்னொரு குச்சியை எடுத்தார். அது முறிந்தது. குளிரில் விரல்கள் மரத்துப் போயிருந்தன. பெட்டிக்குள் பார்த்தார். காலி.

ஜெப்பே காவல் நிலையத்தில் திருப்பிக் கொடுத்த சாமான்களைப் பாக்கெட்டில் துழாவி, ஒரு மலிவான பச்சை பிளாஸ்டிக் லைட்டரை எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

டோர்கில் அதைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். படகு இன்னும் ஒரு புள்ளியாகத்தான் இருந்தது.

உயிர்காப்பு மிதவையை எப்படி வீச வேண்டும் என்று எழுதியிருந்த பலகையை ரிக்கே திடீரென்று மிகுந்த அக்கறையோடு படிக்க ஆரம்பித்தாள்.

அவர் லைட்டரை வாங்கினார். குனிந்தார். ஒரு சின்ன சத்தம்.

பைப் முதல் தடவையிலேயே பற்றிக்கொண்டது.